புது மெமரி

விஜயபாஸ்கரின் பழைய லேப்டாப் உயிர் பெறுவதற்குள் ஒரு டீ ஆறிவிடும். டியூட்டி முடிந்து வந்ததும் அதைத் தட்டிவிட்டு, அதுவரை மனைவி பானுப்பிரியாவோடு கதையளப்பார். ஷார்ஜாவில் எனக்குப் பக்கத்து ஃபிளாட். சுவரில் நான் காதை வைப்பதில்லை, சுவர்தான் மெல்லியது.

போன வாரம் எதிர்த்தெரு அஸீம் கடையில் பழைய மெமரியை எடுத்துவிட்டுப் புதிது போட்டார். லேப்டாப் பறந்தது. அந்த வீட்டில் அப்புறம் பேச்சுச் சத்தமே இல்லை. எனக்குத்தான் பொழுது போகவில்லை.

நேற்று மறுபடியும் ஆமை வேகம். கொதித்துப்போய்க் கடைக்குக் கிளம்பினார். வேடிக்கையை விடுவேனா? கூடவே போனேன்.

"டூப்ளிகேட் மெமரி போட்டு ஏமாத்திட்டீங்களே பாய்!"

அஸீம் லேப்டாப்பைத் தொடக்கூட இல்லை. "மன்னிச்சுக்குங்க சார். பழைய மிஷின், புதுசு ஒத்துக்கல."

விஜயபாஸ்கர் முணுமுணுத்துக்கொண்டே போனதும் நான் பிடித்துக்கொண்டேன். "திறந்துகூடப் பார்க்காம மன்னிப்பா? என்ன பாய் விஷயம்?"

அஸீம் தயங்கி, மேசை டிராயரிலிருந்து அந்தப் புது மெமரியை எடுத்துக் காட்டினார்.

"அவர் டியூட்டிக்குப் போனப்ப வீட்டம்மா லேப்டாப்போட வந்தாங்க. பழசையே மாட்டித் தரச் சொன்னாங்க. அது திறக்கிற வரைக்கும்தான் அவர் அவங்ககிட்ட பேசுவாராம்."