துப்பாக்கிக்கு ஒரு தாங்கி

“இதை யாராவது பார்த்தா நான் வெளியில தலை காட்ட முடியுமாடா?” என்று கேட்டபடியே அப்பா கொட்டகைக் கதவைத் தாழிட்டார்.

மேசைமேல் துப்பாக்கித் தாங்கி ஒன்று முக்கால்வாசி முடிந்து நின்றது. மூன்று குட்டைக் கால்கள், கவட்டை போல வெட்டிய பலகை, துப்பாக்கி ஆடாமல் பதிய அதன் இடுக்கில் மணல் அடைத்த தோல் பை. மகன் பையின் வாயைத் தைத்துக்கொண்டிருந்தான்.

“உங்க தாத்தாவும் நானும் நின்ன வாக்குல சுட்டவங்க. நம்ம குடும்பத்துல ஒருத்தன் முட்டுக் கொடுத்துச் சுட்டான்னு பேர் வரணுமா?”

“வயசானவங்க வெச்சுக்கலாம்னு சங்கத்துலயே விதி இருக்குப்பா.”

“உனக்கு நாப்பதுதானே ஆகுது? அதுக்குள்ள கிழவன் ஆயிட்டியா?”

மகன் ஊசியை இழுத்தான்.

அந்த நேரம் பார்த்துத் துப்பாக்கிச் சங்கத்தின் செயலாளர் வாசலிலிருந்து குரல் கொடுத்தார். அப்பா ஒரு சாக்கை எடுத்துத் தாங்கியின்மேல் போர்த்திவிட்டு, கதவை அரையாகத் திறந்து மறைத்தாற்போல் நின்றார்.

“என்ன பெரியவரே, உள்ளே ரகசியப் பயிற்சியா?”

“கோழிக்கூடு செய்யறோம்.”

சொன்னதும் அவருக்குக் காது மடல் சுட்டது. அவர் பொய் சொல்லிப் பழகாதவர்.

“ஞாயித்துக்கிழமை போட்டியில ஒரு சின்ன மாத்தம். இலக்குக் குழியில உட்கார்ந்து அட்டை மாத்தி, குறி எண்ணிச் சொல்ற வேலைக்கு இந்தத் தடவை வெளிச் சங்கத்து ஆளுங்க வர்றாங்க. பாவம், மூணு வருஷமா உங்க பையன்தான் அந்தக் குழிக்குள்ள தனியா குனிஞ்சு கிடந்தான். இனியாவது முதுகு நிமிரட்டும்.” செயலாளர் சிரித்தார். “நீங்க வழக்கம்போல பத்துக்குப் பத்து போட்டு, வர்றவங்க வாயை அடைச்சிடுங்க.”

“அதுக்கென்ன, அடைச்சிட்டாப் போச்சு.”

செயலாளர் தலை மறைந்ததும் அப்பா சாக்கை உருவி எறிந்தார். தாங்கியைத் தூக்கி உடைக்கப் போனவர், அதன் கால்களைப் பார்த்து நின்றுவிட்டார். மகனோ ஓங்குதாங்கான ஆள். இந்த உயரத்துக்கு அவன் இரண்டாக மடிந்தால்தான் சுட முடியும்.

மேசையருகே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தார். தோல் பை அவருடைய தோளுக்கு அளவெடுத்தாற்போல் வந்து நின்றது.

“இது எனக்கா?”

“ஆமாப்பா.”

அப்பாவுக்கு உடம்பு குறுகிப் போயிற்று. அவன் கன்னத்தில் அறைந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

“மூணு வருஷமா ஒரு குண்டு தவறலடா. அட்டை ஒவ்வொண்ணையும் கண்ணாடி போட்டுக் கூடத்துல மாட்டியிருக்கேன். வர்ற சம்பந்தி, போற விருந்தாளி எல்லாரும் நின்னு பார்த்துட்டுப் போறாங்க. ஊருக்கே என் கைமேல நம்பிக்கை இருக்கு. பெத்த பிள்ளைக்கு இல்லையா?”

மகன் கடைசித் தையலைப் போட்டு நூலைக் கடித்தான். பையைத் தாங்கியில் பொருத்தி, அது ஆடுகிறதா என்று அழுத்திப் பார்த்தான். அப்பாவின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

“அந்த ஓட்டையெல்லாம் நான் பென்சிலால குத்தினதுப்பா.”