பெட்டியில் பதிந்தது

“சத்தியமா ஃபோர் வீல் பட்டனைப் போட்டேன் சார். முன் சக்கரம் இழுக்கவே இல்ல” என்றார் டிரைவர் லெஸ்லி.

“பள்ளத்துல வண்டியை விட்டுட்டு பட்டன் மேல பழியா? குடிச்சிருப்பே!” என்று முதலாளி கத்தினார்.

ஹெப்பாள் மெக்கானிக் ஷெட்டில் அப்பா லெஸ்லியின் முதுகுக்குப் பின்னால் நின்றாள் கேரல். வேலை போனால், முதலாளி கொடுத்த வீடும் போகும்.

“சும்னே, வெட்டியா சண்டை எதுக்கு?” என்றார் மெக்கானிக் ஞானம். “கோளாறு வந்திருந்தா கண்ட்ரோல் பெட்டியில பதிஞ்சிருக்கும். மீட்டர்ல இருக்கிற இந்த லைட்டு எத்தனை தடவை மினுக்குதுன்னு எண்ணினா, எந்தக் கோளாறுன்னு தெரிஞ்சிடும்.”

லெஸ்லி சிலுவை போட்டுக்கொண்டார். ஞானம் சாவியைத் திருப்பினார். லைட்டு மினுக்கவே இல்லை.

“பாத்தியா!” என்றார் முதலாளி.

“இருங்க. வண்டிக் கடிகாரமும் தப்பா ஓடுதே. யாரோ பேட்டரி ஒயரைக் கழட்டி மாட்டியிருக்காங்க. பதிஞ்சது அத்தனையும் அழிஞ்சுபோச்சு. நேத்து உன் வீட்டு வாசல்ல நிறுத்தும்போதே, பேட்டரியைத் தொட்டா பதிஞ்சது அழிஞ்சிடும், தொடாதேன்னு சொன்னேனே, லெஸ்லி?”

“நான் தொடலண்ணே!”

கேரல் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “நான்தான்ப்பா கழட்டினேன். நீங்க பட்டன் போடலைன்னு அதுல தெரிஞ்சிடுமோன்னு பயந்துட்டேன்.”

லெஸ்லி அவளையே பார்த்தார். பிறகு பாக்கெட்டிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து முதலாளியிடம் நீட்டினார்.

“பெத்த பொண்ணே நம்பல சார். நீங்க எங்க நம்பப்போறீங்க?”