இரண்டு நிமிடப் படம்

அன்று வெயில் அடித்ததா, மேகம் மூடியிருந்ததா என்பது சரியாக நினைவில்லை. மேகம் என்றே வைத்துக்கொள்வோம். அருவிக்கு எதிரே தடுப்புச்சுவரை ஒட்டிக் கூட்டம் அலைமோதுகிறது. கணவர் ட்ரைபாடில் கேமராவைப் பூட்டி, லென்ஸின் மேல் வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடியைத் திருகுகிறார். இரண்டு நிமிடம் லென்ஸ் திறந்தே இருக்கும். நடமாடுகிறவர்கள் படத்தில் விழாமல் கரைந்துபோவார்கள், அசையாதது மட்டும் நிற்கும். இத்தனை வருடப் பயணத்தில் அவர் எடுத்த மலை, ஏரி, கடல் எதிலும் மனைவி இல்லை. நாளை மறுநாள் அவளுக்கு நுரையீரலில் அறுவை சிகிச்சை. "இதுலயாவது என்னைச் சேத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுச் சுவரோரம் போய் நிற்கிறாள்.

"மூச்சுகூட மெதுவா விடு. அசைஞ்சா காணாமப் போயிடுவே."

"உங்க படத்துல இடம் பிடிக்கணும்னா பொணமாத்தான் நிக்கணும் போல."

"பேசாதே, திறந்தாச்சு."

சாரல் முகத்தில் ஊசியாய்க் குத்துகிறது. யாரோ தோளை இடித்துக்கொண்டு போகிறார்கள், பல்லைக் கடித்துக்கொள்கிறாள். நெஞ்சுக்குள் இருமல் புரள்கிறது. விழுங்குகிறாள், மறுபடி ஏறுகிறது. விரல்கள் ஈரச்சுவரை இறுகப் பற்றுகின்றன. அவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், அவளைப் பார்க்கவில்லை. அரை நிமிடம்கூட ஆகவில்லை, இருமல் வெடிக்கிறது, இரண்டாக மடிந்தவளால் நிமிர முடியவில்லை.

"இன்னொண்ணு எடுக்கலாமா?"

"வெளிச்சம் போயிடுச்சும்மா."

அறுவை சிகிச்சைக்குப் பின் அவள் கண் விழிக்கவில்லை. அவர் அதன்பிறகு எங்கும் பயணம் போகவில்லை. அந்த அருவிப் படம் கூடத்தில் மாட்டியிருக்கிறது. "ஈ காக்கா இல்லாத நேரமாப் பாத்து எடுத்திருக்கீங்களே!" என்கிறார்கள் வருகிறவர்கள். ஆமாம் என்கிறார்.