சுந்தரமூர்த்தி சாரின் தனி சர்வர்

"எழுந்துடுச்சு! நோயல், ஓடி வா, நாலாவதும் எழுந்துடுச்சு!"

பெர்னதெத் போட்ட கூச்சலில் பக்கத்து சீட் நோயல் காப்பியைச் சட்டையில் கொட்டிக்கொண்டு ஓடி வந்தான். திரையில் ஒரு ஜன்னல், அதற்குள் இன்னொரு ஜன்னல், அதற்குள்ளும் குட்டியாக ஒன்று. அந்தக் குட்டி ஜன்னலில் விண்டோஸ் சாவதானமாகத் திறந்துகொண்டிருந்தது.

"நெட்வொர்க் கிடைக்காம படுத்துக்கிட்டே இருந்ததே, எப்படிப் பண்ணே?"

"வெளியே இருக்கிற பெரிய சர்வர்ல ஒரு செட்டிங்கை மாத்தினேன். மத்த மூணு மாதிரி இது பேசினாலும் தடுக்காம வெளியே விடுன்னு சொன்னேன். அவ்ளோதான், விட்டுடுச்சு!"

இருவரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி குதித்தார்கள். குதிக்காமல் என்ன செய்வார்கள்? ஹைப்பர்வைசர் என்ற மென்பொருளைப் போட்டால் ஒரே சர்வருக்குள் பல கம்ப்யூட்டர்களை ஓட்டலாம். அப்படிப்பட்ட சர்வர்களைக் கட்டி மேய்க்கிற ப்ரோகிராம் ஒன்றை அவர்களுடைய கம்பெனி எழுதிக்கொண்டிருந்தது. அதைச் சோதித்துப் பார்க்க நிறைய சர்வர்கள் வேண்டும். புனே ஆபீசில் அவை இருக்கின்றன. ஆகவே டெஸ்டிங் வேலையோடு பெர்னதெத்தையும் நோயலையும் புனேவுக்கே அனுப்பிவிடலாம் என்று மேலிடத்தில் பேச்சு அடிபட்டது.

பெங்களூர் காக்ஸ் டவுனில் பிறந்து வளர்ந்து, போன வருடம்தான் அங்கேயே ஒரு ஸ்கூல் டீச்சரைக் கல்யாணம் செய்துகொண்டவள் பெர்னதெத். அந்தப் பேச்சைக் கேட்டதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வயிற்றெரிச்சலில் பிறந்த யோசனைதான் இது. ஹைப்பர்வைசருக்குள்ளேயே இன்னொரு ஹைப்பர்வைசர். சர்வருக்குள் நாலு சர்வர்.

"என்னம்மா, ஆபீசா சந்தைக்கடையா?" என்றபடி சுந்தரமூர்த்தி வந்தார். டெஸ்டிங்கில் பழம் தின்று கொட்டை போட்டவர். அவர் தலையாட்டினால் வேலை பெங்களூரில் தங்கும், இல்லையென்றால் புனே.

"வீட்டுக்காரர் போர்ஷன் விடறார் இல்லே சார், அந்த மாதிரி" என்று பெர்னதெத் படபடவென்று விளக்கினாள். "வாடகைக்கு வந்தவன் அதையே சொந்த வீடுன்னு நினைச்சு, அவனும் உள்ளே ரெண்டு போர்ஷன் தடுத்து விடறான்."

"உள் போர்ஷன்காரனுக்குக் காத்து எங்கேருந்து வரும்?" மௌஸை வாங்கி இரண்டு முறை தட்டினார். உதட்டைப் பிதுக்கினார். "நத்தைம்மா இது! கொலுப்படி மாதிரி ஒவ்வொண்ணா ஏறி இறங்குது. உன்கிட்ட நான் தனி சர்வர் கேட்டு வாங்கினேனே, அதை வந்து பாரு. பறக்குது."

நோயலுக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான். பெர்னதெத் தலையைக் குனிந்துகொண்டாள்.

மறுநாள் ஆயுத பூஜை விடுமுறை என்பதால் ஆபீசில் அன்றைக்கே பூஜை. மமதா மேடம் குங்குமத் தட்டோடு வந்தாள். கன்னடக்காரி, 'வாங்க' என்பதற்கு 'பன்னி' என்பாள். மானேஜராகப் பொறுப்பேற்று அவளுக்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை.

"பன்னி, பன்னி, எல்லாரும் சர்வர் ரூமுக்கு வாங்க. சுந்தரமூர்த்தி சார், டிசைட் பண்ணி ஆய்த்தா?"

"ஆச்சு மேடம். என் சர்வர் மாதிரி நாலு இருந்தா டெஸ்டிங் தாராளமா இங்கேயே நடக்கட்டும். ரெண்டு வாரமா அதுலதான் வேலை செய்யறேன், ஒரு தடவைகூட மக்கர் பண்ணலை. எங்கே வேணும்னாலும் கையெழுத்துப் போடறேன். ஆனா பெர்னதெத்தோட இந்த வித்தை மட்டும் வேணாம்."

"நாலு சர்வரா?" மமதாவின் குரல் இறங்கியது. "இப்போ ஒண்ணுகூட வாங்க விடமாட்டாங்க சார். அப்போ புனேதான். சாரிம்மா பெர்னதெத்."

"முதல்ல பூஜையை முடிச்சிடலாம் மேடம்" என்றாள் பெர்னதெத், நிமிராமலே.

சுந்தரமூர்த்திக்குச் சைனஸ். ஏ.சி. குளிருக்குப் பயந்து சர்வர் ரூம் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார். சீட்டில் உட்கார்ந்தபடியே நெட்வொர்க் வழியாக வேலை. இன்று மட்டும் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு முதல் ஆளாகக் கிளம்பிவிட்டார்.

"எனக்காக உழைச்ச மிஷின் மேடம். அதுக்கு என் கையாலதான் பொட்டு வைப்பேன்."

சர்வர் ரூமில் நோயல் முன்பே வந்து பூசணிக்காய், பொரி, சாமந்திப்பூ எல்லாம் எடுத்து வைத்திருந்தான். ராக்கின் நடுவில் பெர்னதெத்தின் சர்வர் சந்தனமும் மாலையுமாக உறுமிக்கொண்டிருந்தது. சுந்தரமூர்த்தி அதற்கும் ஒரு பொட்டு வைத்தார். மறுபடி விரலைக் குங்குமத்தில் தொட்டுக்கொண்டு ராக்கை மேலும் கீழும் பார்த்தார். பின்பக்கம் போய் எட்டிப் பார்த்தார். மற்ற தட்டுகள் எல்லாம் காலி.

"இது உன்னோடது. என்னோடதை எங்கேம்மா வெச்சிருக்கே?"

அதற்குமேல் பெர்னதெத்தால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அதுக்கும் இப்பத்தான் பொட்டு வெச்சீங்க சார்! நீங்க தனி சர்வர் கேட்டப்போ என்கிட்ட இருந்தது இது ஒண்ணுதான். ரெண்டு வாரமா நீங்க வேலை செய்யறது இதுக்குள்ள நான் எழுப்பின நாலுல முதலாவதுல!"