சாம்பல் நிறத்தில் சூசைராஜ்

பூ வைத்தவளைக் குற்றம் சொல்ல முடியாது. வீட்டுக்குள் சாம்பல் நிறத்தில் ஓர் ஆளின் முகம் இருந்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

விசாரிக்க வந்தவள், நாற்காலியில் சாய்த்து வைத்திருந்த கேன்வாஸின் மேல் மல்லிகைச் சரத்தைப் போட்டுவிட்டுக் கும்பிட்டாள்.

அது என் கணவர் சூசைராஜின் முகம்.

புதன்கிழமை மூன்று பேரோடு விசைப்படகில் போனவர், வியாழக்கிழமை கரைக்கு வந்திருக்க வேண்டும். இன்று திங்கள்.

படம் அதற்கு முன்பே தொடங்கியது. சனிக்கிழமைதோறும் மணமேல்குடியில் பஸ் ஏறி, புதுக்கோட்டைக்குப் போய் ஆயில் பெயின்டிங் கற்றுக்கொள்கிறேன். முகத்தை முதலில் சாம்பல் நிறத்திலேயே முழுதாக வரைய வேண்டும். அது காய்ந்த பிறகுதான் தோல் நிறம். ஈரத்தில் கை வைத்தால் எல்லாம் சேறாகிவிடும் என்று மாஸ்டர் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார்.

செவ்வாய்க்கிழமைதான் சாம்பல் பூச்சை முடித்தேன். செத்தவன் மாதிரி இருக்கேனே என்று அவரே பார்த்துச் சிரித்தார்.

நாலு நாளாக வாய் திறக்காத என் மாமியார் அடைக்கலமேரி, பூச்சரத்தைப் பிடுங்கி வெளியே எறிந்தார்.

“எம்மவனுக்குக் கலரு குடு, ஷர்லி. இப்பவே குடு.”

இன்னும் காயவில்லை, கெட்டுவிடும் என்றேன். அவர் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கும் அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

சிவப்பையும் மஞ்சளையும் குழைத்துக் கன்னத்தில் வைத்தேன். அடியிலிருந்த சாம்பல் பிரஷோடு கிளம்பி வந்தது. கன்னம் கலங்கியது. நெற்றி கலங்கியது. பாடுபட்டுக் கொண்டுவந்த மூக்கு எங்கே போனதென்றே தெரியவில்லை. அழுதுகொண்டே பூசினேன்.

கடைசியில் கறுத்துப்போன ஒரு முகம் மிஞ்சியது.

அத்தை கிட்டே வந்து பார்த்தார். கடலிலிருந்து வரும்போது இந்த நிறத்தில்தான் இருப்பான் என்றார். பிறகு குடிக்கக் கொஞ்சம் காபி கேட்டார்.

சாயங்காலம் சுடர்விழி வாசலில் நின்றாள். அவள் கணவன் மதுரைவீரனும் அதே படகில் போனவன்தான். அவளுக்குப் பின்னால், மற்ற இருவரின் மனைவிமார்.

மூன்று பேர் கையிலும் போன் இருந்தது. மூன்றிலும் அவரவர் கணவனின் போட்டோ திறந்திருந்தது. சுடர்விழி நாற்காலியிலிருந்த கறுத்த முகத்தைக் காட்டினாள்.

“அந்தச் சாம்பக்கலரு வேணாம் ஷர்லி. எடுத்த ஒடனே இந்தக் கலரையே அடிச்சிரு.”