சத்தம் விழுங்கும் சுவர்

மேடவாக்கம் கடைத்தெருவில் எழும்பிய புது அடுக்குமாடிக் குடியிருப்பில், வீட்டோடு அமைதியையும் சேர்த்தே விற்றார்கள். வெளிச்சுவரில் பொருத்தியிருந்த கருவிகள் தெருச்சத்தம் முழுவதையும் விழுங்கின. எதிரே மீன் விற்ற ஆரோக்கியமேரி தொண்டை கிழியக் கூவினாலும் அவள் காதுக்கே கேட்கவில்லை. வியாபாரம் படுத்துப்போனதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள்.

ஒருநாள் தண்ணீர் லாரி பின்னோக்கி வந்தபோது, பூக்கடை செல்வி அதற்கு முதுகு காட்டி நின்றிருந்தாள். "ஓடுடி!" என்று மேரி அலறினாள். வாய் மட்டும்தான் அசைந்தது. செல்வியின் கால் நசுங்கிவிட்டது.

மறுநாள் காலை மேரி தன் தள்ளுவண்டியைக் குடியிருப்பின் கேட்டுக்குள்ளேயே தள்ளிக்கொண்டு போனாள். கருவிகள் விழுங்குவது தெருச்சத்தத்தை மட்டும்தான்; சுவருக்கு உள்பக்கம் குரல் எழும்பும்.

"சங்கரா! நெத்திலி! வஞ்சிரம்!"

எட்டு மாடியும் அதிர்ந்தது. மேனேஜர் ஓடிவந்தார்.

"இங்க கத்தக் கூடாதும்மா. வெளிய போங்க."

"வெளிய கத்துனா கேக்க மாட்டேங்குதே சார். அந்த மிஷின நிறுத்துங்க, போறேன். இல்லன்னா தினமும் இங்கதான்."

அவள் பின்னாலேயே பழவண்டிகளும் கீரைக்கூடைகளும் கூவிக்கொண்டு நுழைந்தன. ஜன்னல்கள் படபடவென்று திறந்தன.

மத்தியானம் கருவிகள் நின்றன. மேரி வண்டியைத் தெருவுக்குத் திருப்பியதுமே, வழியை மறைக்கிறாள் என்று ஒரு ஆட்டோக்காரர் கன்னாபின்னாவென்று திட்டினார். ஒரு சொல் விடாமல் கேட்டுவிட்டு, மேரியும் வாய் நிறையத் திருப்பித் திட்டினாள்.