இரவல் உருளி

"ஒரு ஒப்புப் போடதுக்கு இத்தனை வீம்பா?"

பூஜப்புரை ஜெயிலில், கம்பிக்கு இப்பால் நின்று கேட்டாள் பொன்னம்மை. கையில் அவர் கையெழுத்துக்காக வக்கீல் தந்த அப்பீல் காகிதம். கெடு இன்றோடு சரி. அப்பால் நின்ற அவள் கணவர் கோலப்பன், காகிதத்தைத் தவிர ஜெயிலில் உள்ள மற்ற எல்லாவற்றையும் பார்த்தார்.

"தூக்குச்சட்டியில என்ன?"

"பிரதமன். நம்ம வெண்கல உருளியில வச்சது."

"அதை ஊருக்கெல்லாம் இரவல் குடுக்காதேன்னு சொன்னா கேக்கியா நீ?"

"ஓணத்துக்கு முதலாளியம்மா கேட்டாங்க, குடுத்தேன். தேய்ச்சு மினுக்கி மறுநாளே தந்துட்டாங்களே. பேச்சை மாத்தாம ஒப்புப் போடுங்க."

சாலைக் கடைத்தெருவில் ஒரே முதலாளியிடம் கணக்கெழுதிக் கண்ணாடி தடித்த மனிதர் கோலப்பன். ஓணம் கழிந்த வாரம் முதலாளியம்மாவின் காசுமாலை காணாமல் போயிற்று. அந்த வீட்டுக்குப் போய்வருகிற எல்லாரையும் சோதித்த போலீஸ், கோலப்பன் வீட்டு அரிசிப்பானையில் கையை விட்டது. மாலை வந்தது. "நான்தான் எடுத்தேன்" என்றார் கோலப்பன். ஒரு வருஷம் கிடைத்தது.

பொன்னம்மையின் குரல் தழைந்தது.

"கல்யாண வீட்டுக்கு வெறுங்கழுத்தோட போறேன்னு நான் முனகினதாலதானே எடுத்தீங்க? எனக்குக் கோபமே இல்ல. ஆனா ஒளிச்சு வைக்க வேற இடமா இல்ல? அரிசிக்குள்ள நகையைப் புதைச்சு வைக்கது முதலாளியம்மாக்க பழக்கம். அவங்க பானையில துழாவி, அங்க இல்லேன்னுதான் போலீசுக்கே போனாங்க. அவங்களைப் பார்த்தா படிச்சீங்க?"

கோலப்பன் முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார்.

"நானா எடுத்தேன்?"

"பின்னே?"

"எடுத்தது நீதான்னுல்லா நான் நினைச்சேன். ஆசையில செய்துட்டா, பாவம், அவ ஜெயில் சோறு தின்னப்பிடாதுன்னு நான் வந்தேன். அப்பீல் போட்டா உன்னைக் கூண்டுல ஏத்துவான்னுல்லா ஒப்பிடாம நிக்கேன்."

பொன்னம்மைக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அட மனுஷா, உங்க மேல சத்தியமா நான் தொடல்ல."

"சமயம் கழிஞ்ஞு, அம்மா" என்றார் வார்டர் நீலகண்டன். இருவரும் நகரவில்லை. நீலகண்டனும் வற்புறுத்தாமல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நீயும் எடுக்கல்ல, நானும் எடுக்கல்ல. அப்போ அந்தப் பானைக்குள்ள மாலை எப்படிப் போச்சு? அதுல கிடந்தது ரேஷன் அரிசிதானே?"

"ரேஷன் அந்த வாரம் ஏது? அது முதலாளியம்மா..."

பொன்னம்மை சட்டென்று பேச்சை நிறுத்தி, மெல்லச் சொல்லி முடித்தாள்.

"இரவல் வாங்கின பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரப்பிடாதுன்னு, அவங்க பானையிலேருந்தே உருளி நிறைய அரிசி அள்ளித் தந்தாங்க."

கோலப்பன் கம்பிக்கு வெளியே கையை நீட்டினார்.

"பேனாவைத் தா."